சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமானக் கணக்கை நீங்களே போடலாம்

சென்னைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். மூன்றும் சரியாகவே இருக்கும். உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 8,235 கி.மீ. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதாக வைத்துக்கொண்டால் 8,480 கி.மீ. அருகே. விமானம் உண்மையில் பறக்கும் தூரமோ நாளுக்கு நாள் மாறும்.

நேரமும் அப்படித்தான். டிக்கெட்டில் அச்சாகும் நேரம், சக்கரம் தரையை விட்டு மறுபடி தரை தொடும் வரையுள்ள நேரம், வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேரும் இடத்துக் கதவைத் தட்டும் வரையுள்ள நேரம் என்று மூன்று. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக்கு ஒரு கால்குலேட்டரும் கால் மணி நேரமும் போதும். பெரும்பாலான போன்களில் கால்குலேட்டரைத் திறந்து போனைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், கோசைன் பொத்தான்கள் வந்துவிடும்.

படி 1: எந்த விமான நிலையம், அதன் ஆயங்கள் என்ன

ஊர்ப் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், விமான நிலையத்தை வைத்துத் தொடங்குங்கள். சென்னைக்கு இப்போதைக்கு மீனம்பாக்கம் ஒன்றுதான், அதனால் இந்தப் பக்கம் சிக்கல் இல்லை. டிக்கெட்டில் வரும் எம்.ஏ.ஏ. என்ற குறியீடு மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். அந்தப் பக்கம்தான் கவனம் வேண்டும். லண்டனில் ஹீத்ரோவும் உண்டு, கேட்விக்கும் உண்டு. டோக்கியோவுக்கு ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி. நகரத்தின் ஆயத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் தொடக்கத்திலேயே அவ்வளவு பிழை புகுந்துவிடும்.

ஆயம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.18. ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.46. பலர் சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஆயத்தை 12 டிகிரி 59 நிமிடம் 40 விநாடி என்று கொடுத்திருந்தால் அது 12.59 ஆகாது. நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3,600 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும், அப்போதுதான் 12.994 வரும். இந்த ஒரு தவறே தூரத்தை 45 கி.மீ. வரை தள்ளிவிடும். இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட வேண்டும். சிட்னிக்கு அதை மறந்தால் கணக்கு உங்களை ஜப்பானுக்குப் பக்கத்துக் கடலில் இறக்கிவிடும்.

படி 2: நேர்த்தூரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைச் சுற்றி வரும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் பார்க்கத்தான் பயமுறுத்தும், போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7823 = 0.1759.

இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். வித்தியாசம் 80.18 + 0.46 = 80.64 டிகிரி. ஆக, 0.9744 × 0.6229 × 0.1626 = 0.0987.

இரண்டையும் கூட்டினால் 0.2746. இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 74.06 டிகிரி. பெருவட்டத்தில் ஒரு டிகிரி 111.2 கி.மீ., எனவே 74.06 × 111.2 = சுமார் 8,235 கி.மீ.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கோசைன் 60 போட்டால் 0.5 வர வேண்டும். கழித்தல் குறியோடு 0.95 என்று வந்தால் அது ரேடியனில் கிடக்கிறது. எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள்கள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், அங்கே டிகிரியை மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

தீர்க்கரேகை வித்தியாசம் 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கோசைன் மதிப்பு எப்படியும் மாறாது. ஆனால் விமானம் கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்பது தெளிவாகும். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வித்தியாசம் 202.6, அதாவது கிழக்கு வழியாக 157.4தான்.

விடை சரியா என்று பார்க்கக் கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, வலது கிளிக்கில் தூரம் அளக்கும் வசதியை எடுத்து இரண்டு விமான நிலையங்களிலும் சொடுக்குங்கள். கோடு வளைந்து தெரியும், பயப்பட வேண்டாம், அதுதான் நேர்கோடு. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் கணக்கு சரி. அந்த அரை சதவீதம் வருவது பூமி முழு உருண்டையாக இல்லாததால்: நடுவில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. பூமியின் இந்தப் பருமனைத் துல்லியமாகக் கணக்கிட உதவிய பெரும் நில அளவைகளில் ஒன்று, மீனம்பாக்கத்துக்குப் பக்கத்துப் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். லண்டன் தூரத்தில் அரை சதவீதம் என்பது 40 கி.மீ., மூன்று நிமிடப் பறப்பு. பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தட்டை வரைபடம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சான் ஃபிரான்சிஸ்கோ நல்ல உதாரணம். வரைபடத்தில் சென்னையிலிருந்து பசிபிக் கடலின் குறுக்கே நேர்கோடு போட்டால் அந்த வழி 15,900 கி.மீ. அருகே வரும். பெருவட்டத்தில் 13,915தான். அந்தக் கோடு சென்னையிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி கிட்டத்தட்ட 69 டிகிரி அட்சரேகை வரை ஏறி இறங்குகிறது. நீண்ட பயணங்களில் இருக்கைத் திரையில் விமானம் வடக்கே ஏறிப் போவதைப் பார்த்து "ஏன் சுத்திப் போறாங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அவர்கள் சுற்றவில்லை, வரைபடம்தான் இழுத்துக் காட்டுகிறது.

அலகுகளில் ஒரு எச்சரிக்கை. மைல் என்று இரண்டு உண்டு. சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளின் நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். எந்த மைல் என்று சொல்லாத எண்ணை அப்படியே எடுத்தால் 15 சதவீதப் பிழை, லண்டன் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

படி 3: உண்மையில் பறக்கும் தூரம்

நேர்த்தூரம் என்பது கீழ் வரம்பு. அதற்குக் குறைவாக எந்த விமானமும் பறக்காது, அதிகமாக எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து காற்று வீசினால் லண்டன் விமானமும் கடலை நோக்கி எழும்பி, பிறகு வளைந்துதான் வடமேற்கைப் பிடிக்கும். அந்தப் பக்கம் ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்கும் வரை வட்டமடிப்பதும் வழக்கம். இவையெல்லாம் சில பத்து கிலோமீட்டர்களோடு முடிந்துவிடும்.

பெரிய தொகை வருவது வான்வெளியால். சென்னை–லண்டன் பெருவட்டத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்: ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், பாகிஸ்தானின் சிந்துவும் பலூசிஸ்தானும், ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு ஓரம், ஈரானின் வடகிழக்கு, காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா, ரஷ்யாவின் தெற்கு ஓரம், அசோவ் கடல், உக்ரைன், அதன் பிறகு மத்திய ஐரோப்பா. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் விமானங்களை மற்றவர் வான்வெளியில் விடுவதை நிறுத்தின. ஆகவே ஒரே ஊருக்கு ஒரே நாளில் இந்திய விமானம் ஒரு வழி, வெளிநாட்டு விமானம் வேறு வழி என்று போகலாம். மேற்காசியாவில் பதற்றம் வந்தால் ஒரே இரவில் எல்லா வழிகளும் மாறும்.

கைக்கணக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: எந்தத் தடையும் இல்லாத பாதைக்கு 3 முதல் 5 சதவீதம், ஒரு நாட்டைச் சுற்ற வேண்டியிருந்தால் 8 முதல் 12. லண்டனுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 8,650 கி.மீ. கடல் மேலேயே போகும் சிங்கப்பூர் பாதைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

படி 4: வேகமும் காற்றும்

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற நீண்ட தூர விமானங்கள் மாக் 0.85இல், அதாவது ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்தின் கடுங்குளிரில், சுமார் கழித்தல் 56 டிகிரியில், ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. ஆக விமானத்துக்கு 900. ஏ320 போன்ற சிறிய விமானங்கள் மாக் 0.78, அதாவது 830 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் எந்த விமானம் வருகிறது என்று பார்ப்பது இதனால்தான். முழு வேகம் நடுவழியில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 20 நிமிடம் கூட்டுங்கள். இது காற்றில் இருக்கும் நேரம். டிக்கெட்டில் உள்ள நேரம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து கேட்டில் நிற்கும் வரை. இரு பக்கமும் தரையில் ஊர்வதற்கு இன்னொரு 25 நிமிடம்.

இப்போது காற்று. எல்லாக் கணக்கையும் கவிழ்ப்பது இதுதான்.

நடு அட்சரேகைகளின் மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் ஒரு கிளை வட இந்தியா வரை இறங்கி மிக வலுவாக வீசும். லண்டனுக்குப் போகும்போது அது எதிரே நிற்கும், வரும்போது முதுகில் தள்ளும். வழி முழுக்கச் சராசரியாகப் போகும்போது 60 கி.மீ. எதிர்க்காற்று, வரும்போது 50 கி.மீ. பின்காற்று என்று வைத்துப் போட்டால்:

சென்னை → லண்டன்: 8,650 ÷ 840 = 10 மணி 18 நிமிடம். மேலே சொன்ன 45 நிமிடம் சேர்த்தால் 11 மணி 3 நிமிடம்.

லண்டன் → சென்னை: 8,650 ÷ 950 = 9 மணி 6 நிமிடம். சேர்த்தால் 9 மணி 51 நிமிடம்.

ஒரே தூரம், ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். போகும்போது இழந்ததை வரும்போது முழுதாக மீட்கவும் முடியாது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. 8,000 கி.மீ.க்கு 100 கி.மீ. காற்று என்றால் போக 10 மணி, வர 8 மணி, மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

காற்றுக்காகத் தூரத்தையே கூட்டிக்கொள்வதும் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டில்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்குக்குப் பதிலாகப் பசிபிக் வழியாக அனுப்பியது. சுமார் 15,300 கி.மீ. ஆனாலும் பின்காற்றின் துணையால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. குறைந்த தூரம்தான் குறைந்த நேரம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வெப்பமண்டல ஜெட். இதை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறப்பதைவிட உயரத்தில்தான். ஆனாலும் கீழே அதன் விளிம்பு தட்டும். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் விமானத்துக்கு அது உதவி, போகும் விமானத்துக்கு இடைஞ்சல்.

சிங்கப்பூரும் துபாயும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டுமே சுமார் 2,930 கி.மீ. கணக்குப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. 5 சதவீதம் சேர்த்து, 830ஆல் வகுத்து, 45 நிமிடம் கூட்டினால் இரண்டுக்கும் நாலரை மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். அதன் மேல் பருவத்துக்கு ஏற்ற காற்று.

திரையில் "தரை வேகம் 1,050" என்று தெரிந்தால் விமானம் ஒலியைத் தாண்டிவிட்டது என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அது 900 விமானத்துடையது, 150 காற்றுடையது.

உங்கள் கணக்கை உண்மையோடு ஒப்பிட ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்கள் எப்போது எழும்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் ஒரு வாரத்தை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் நேரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். தாமதம் ஆனாலும் "சரியான நேரத்துக்கு வந்தோம்" என்று சொல்ல நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் இடைவெளி அது.

படி 5: கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னை நேரம், சேரும் நேரம் அந்த ஊர் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் பொது நேரம். (இந்த ஐந்தரை வருவதற்கு முன்பு ரயில்கள் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மதராஸ் நேரப்படி ஓடின. அது பொது நேரத்துக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906இல்தான் ஐந்தரை மணி இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது.)

உதாரணமாக, சென்னையில் காலை 5.30க்குப் புறப்பட்டு லண்டனில் காலை 11.00க்கு இறங்குகிறது என்று வையுங்கள். குளிர்காலத்தில் லண்டன் நேரமே பொது நேரம். 5.30 என்பது பொது நேரத்தில் 0.00. ஆக 11 மணி நேரம். கோடையில் இதே அச்சு வந்தால் லண்டனின் 11.00 பொது நேரத்தில் 10.00 என்பதால் பயணம் 10 மணி நேரம்தான்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால், ஆண்டு முழுதும் மாற்றமில்லை. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்ளும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. மார்ச் நடுவிலும் அக்டோபர் முடிவிலும் ஐரோப்பா வழியாக அமெரிக்கா போகிறவர்கள் இடைவெளியைத் தவறாகக் கணக்கிடுவது இந்தப் பொருந்தாத நாட்களில்தான்.

படி 6: மாறிப் போகும் பயணம்

நேரடி விமானம் இல்லாத ஊருக்கு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு நேர்த்தூரம் 13,915 என்று பார்த்தோம். டில்லி வழி சுமார் 14,140, துபாய் வழி 15,950, சிங்கப்பூர் வழி 16,500, ஃப்ராங்க்ஃபர்ட் வழி 16,750. பார்க்க டில்லி வெல்கிறது. ஆனால் டில்லியிலிருந்து மேற்கே போகும் வான்வெளி மூடியிருந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். சிங்கப்பூர் வழிக்கோ பசிபிக் மேலே பின்காற்று கிடைக்கும், திரும்பும்போது அதுவே எதிர்க்காற்று. டில்லிக்கும் துபாய் வழிக்கும் உள்ள 1,800 கி.மீ. வித்தியாசம் இரண்டு மணி நேரம். நடுவில் ஆறு மணி நேரம் காத்திருக்க வைக்கும் டிக்கெட் அந்தச் சேமிப்பை மூன்று மடங்காகத் தின்றுவிடும். நேரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு, கிலோமீட்டர் அல்ல.

இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டாக இருப்பது முக்கியம். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதித்தாலும் இரண்டாவது உங்களுக்காகப் பதில் சொல்லாது. பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், சில நாடுகளில் அதற்கு விசாவும் கேட்பார்கள்.

படி 7: வாசலிலிருந்து வாசலுக்கு

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகப் போவது பழக்கம். பெட்டி வாங்கும் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன் மூடிவிடும், குடிநுழைவு வரிசை அதற்குப் பிறகுதான். மெட்ரோ விமான நிலையம் வரை வருகிறது, மின்சார ரயிலுக்கு எதிரிலேயே திரிசூலம். ஆனால் சென்னையின் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புபவை. அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது, காரோ ஆட்டோவோ முன்பே பேசி வைக்க வேண்டும். தாம்பரம், செங்கல்பட்டு பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வருபவர்கள், பண்டிகை முடிந்து ஊர் திரும்பும் இரவு என்றால், இன்னொரு மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் பயணம் என்றால் போகி நாளைப் பாருங்கள். அதிகாலைப் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் நடந்திருக்கின்றன. அன்று காலை துபாயிலோ டில்லியிலோ ஒரு மணி நேர இடைவெளியில் விமானம் மாறும் டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில், நவம்பரிலும் டிசம்பரிலும், இதே ஜாக்கிரதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள் கணக்கில் மூடிக் கிடந்தது.

கடைசியாகத் தேதி. 15ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்களுக்கு அந்த விமானம் போய்ச் சேர்ந்தே பல மணி நேரம் ஆகியிருக்கும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் அது மறுநாள். அழைத்துப் போக வருகிறவர்களுக்கு நேரத்தை மட்டும் அனுப்பாமல் கிழமையையும் சேர்த்து அனுப்புங்கள்.